ழுழு

கண்ணி வாய மூடுனது புதன்கிழம. கொழாய் வாய மூடுனது வியாழக்கிழம. ரெண்டுக்கும் ஒரு ராத்திரிதான் எடவெளி, ரெண்டுக்கும் நடுவுல இருவது அடிகூட இல்ல, இருந்தாலும் ரெண்டையும் சேத்து யோசிக்கப் பிச்சமணி வளவுல ஒம்போது வீட்டுக்கும் அஞ்சு நாளாச்சு, ஏன்னா கொழாய்க்கு ஒண்ணுன்னா ஓடி வர்ற ஆளுக அந்த வளவுல நெறைய, கண்ணிக்கு ஒண்ணுன்னா கதவச் சாத்திக்கிட்டுச் சன்னல் வழியாப் பாக்குற ஆளுகதான் நெறைய.

வளவுன்னா மதுரக்காரவுகளுக்குத் தெரியும். மத்தவுகளுக்குச் சொல்லணும்னா, ஒரு சந்து, சந்துக்குள்ள ரெயில் பெட்டி கணக்கா வரிசையா ஒம்போது வீடு, எதிர்ப்பக்கம் நீளத்துக்கும் ஒரே செவரு, நடுவுல ரெண்டு ஆளு ஒதுங்கிப் போற நடை, நடை முடியுற எடத்துல ஒத்தக் கொழாய். மொட்டமாடியில டேங்கு, டேங்குக்குள்ள போர்த் தண்ணி. ஓனரு பிச்சமணி முப்பது வருசம் டவுன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டையரானவரு. பஸ்ஸ விட்டு எறங்குனாரே தவுர விசில விட்டு எறங்கல. யாரு வீட்டுல கொடம் நெறஞ்சாலும் ஒரு விசிலு, அடுத்த ஆளு வரணும்.

நாலாவது வீடு நாகஜோதி வீடு. புருசன் வீரணன் பரோட்டா மாஸ்டரு, சாயங்காலம் கடைக்குப் போயி மாவோட மல்லுக்கட்டுற ஆளு. ஒரே மக, நாலு வயசு. அங்கயற்கண்ணின்னு அம்மன் பேரா வச்சான். பேச்சு வராத புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற சென்டர்ல சேக்குறப்ப பாரத்துல கட்டம் பத்தல, அங்கயற்-ங்கிறதோட கட்டம் முடிஞ்சுபோச்சு. அதனால சென்டருக்கு அவ அங்கயற். மிச்சம் கெடந்த கண்ணி வீட்டுக்கு.

ஆட்டிசம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அத வளவுல வந்து சொன்ன அன்னைக்கு, மூணாவது வீட்டுல இட்லிக்கட போடுற ஜெயக்கொடி, கையில இருந்த கரண்டியக் கீழ வைக்காமக் கேட்டா.

"ஆட்டுக்கு வர்ற சீக்கு புள்ளைக்கு எப்பிடிடி வந்துச்சு? கறிய வேக வைக்காமக் குடுத்தியா?"

ஜோதி சிரிச்சு வச்சா. அது அவளுக்கு இருந்த கெட்ட பழக்கம். கோவப்பட வேண்டிய எடத்துல சிரிச்சுருவா. புள்ள கத்துனா சன்னலச் சாத்துறவளுகளப் பாத்துச் சிரிப்பா, பொறந்தநாள் கேக்கு ஒம்போது வீட்டுல எட்டு வீட்டுக்கு மட்டும் போனா அதுக்கும் சிரிப்பா. சிரிச்ச சிரிப்பெல்லாம் உள்ள எறங்கி எறங்கிக் கரிமூட்ட கணக்கா அடுக்கிக் கெடந்துச்சு.

திங்கள்ல இருந்து சனி வரைக்கும், காலையில ஒம்போதுல இருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும், பியூலா மிஸ் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்கும். மேலூர்ல இருந்து பஸ் புடிச்சு வர்ற சின்னப் புள்ள, இருவத்திமூணு வயசு இருக்கும், தோள்ல படம் போட்ட அட்டை ஒரு பை, கையில டிக் அடிக்கிற தாளு ஒரு கட்டு. குத்தம் சொல்றதுக்கில்ல. அது வந்த பெறகுதான் கண்ணி செருப்புப் போட்டா, கக்கூசுக்குப் போகப் பழகுனா, முடி வெட்டுறப்ப ஊரக் கூட்டாம உக்காந்தா. சென்டரு சொல்லுறத மிஸ் சொல்லும், மிஸ் சொல்லுறத ஜோதி செய்வா, சாமி சொன்னாக்கூட ஒரு கேள்வி கேட்டுத்தான் செய்வா, மிஸ் சொன்னா கேள்வி கெடையாது.

சட்டம் இதுதான். புள்ளைக்கு வேணுங்கிறதெல்லாம் எட்டாத எடத்துல இருக்கணும். வாயத் தொறந்து கேட்டாத்தான் குடுக்கணும். அதனால வீடே வெள்ளம் வந்த வீடு மாதிரி ஆகிப்போச்சு. பிஸ்கட்டு பரண்ல, பொம்மை பீரோ மேல, தண்ணிச் செம்பு சாமி படத்துக்கும் மேல. புள்ள பாத்துக் கத்துக்கணும்னு பெரியவுகளும் கேட்டுத்தான் வாங்கணும். நாலு கல்லு பரோட்டாவ ஒரே ஆளாத் திருப்புற வீரணன் அடுப்படி வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நின்னு, "எனக்கு... காப்பி... வேணும்"னு சொல்லுவான்.

"சத்தமாச் சொல்லுங்க, அவளுக்குக் கேக்கணும்."

"ஏ ஜோதி, கடையில நூறு பேரு எங்கிட்ட மாஸ்டரு மாஸ்டருன்னு கெஞ்சுறாய்ங்க. இங்க ஒரு டம்ளருக்கு நான் கெஞ்சுறேன்."

"கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

இதுவரைக்கும் சிரிப்புதான். சிரிப்பு நிக்கிற எடம் ழுழு.

கண்ணிக்கு ரெண்டு வயசுல இருந்தே தண்ணிக்கு ஒரு வார்த்த உண்டு. ழுழு. அவ சொன்ன ஒரே வார்த்த அதுதான். அவ நாக்க மடிச்சு உள்ளுக்க இழுத்து அந்த ழவச் சொல்றத நீங்க கேக்கணும், நெறஞ்ச கொடத்துக்குள்ள கைய விட்டுக் கலக்குன மாதிரி இருக்கும். அந்த ஊர்க்காரவுகளுக்கு ழ வராது. வாளப்பளம், கெளக்கு, மள. பெத்தவுக ரெண்டு பேருக்கும் வராது, வளவுல ஒருத்தருக்கும் வராது. எங்கேருந்துதான் அந்தப் புள்ள எடுத்துக்கிட்டு வந்துச்சோ, பேசத் தெரியாத புள்ளைன்னு சொன்னாய்ங்க, அவுக அத்தன பேரு வாயிலயும் இல்லாத எழுத்து அந்தப் புள்ள வாயில இருந்துச்சு.

"அது வார்த்த இல்லக்கா"ன்னு பியூலா மிஸ் சொல்லுச்சு. "அதுக்குத் தண்ணி குடுத்தீங்கன்னா அதுலயே நின்னுருவா. ழுழு சொன்னா கண்டுக்காதீங்க. தண்ணின்னு சொல்ல வைக்கணும். சென்டர்ல அப்பிடித்தான் எழுதிக் குடுத்துருக்காங்க."

மூணு வாரம் கண்டுக்கல. புள்ள முந்தானையப் புடிச்சு ழுழுங்கும், ஜோதி காலண்டரப் பாப்பா. புள்ள செம்பக் கைகாட்டி ழுழுங்கும், ஜோதி காலண்டர்ல ராகுகாலம் படிப்பா. எமகண்டம் படிப்பா. புள்ள தலையச் செவத்துல முட்டி ழுழு ழுழுங்கும், ஜோதி நல்ல நேரம் படிப்பா. அர்த்தம் தெரியாம இல்ல. அந்த ஒரு வார்த்தைக்கு இந்த ஒலகத்துலயே அர்த்தம் தெரிஞ்ச ஆளு அவ ஒருத்திதான். தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நின்னா, மகளுக்கு நல்லதுன்னு நின்னா. ஒரு நாளைக்கு நாப்பத்தி ஒண்ணு, ஒரு நாளைக்கு இருவத்தாறு, ஒரு நாளைக்கு ஒம்போதுன்னு மிஸ் தாளுல கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அந்தப் புதன்கிழம பதினோரு மணிக்கு மிஸ் டம்ளரத் தூக்கிப் புடிச்சு, "தண்... ணி. சொல்லு. தண்... ணி"ன்னுச்சு. கண்ணி ழுழுன்னா. அப்பறம் ழு-ன்னா. அப்பறம் நாக்கு மட்டும் மடிஞ்சுச்சு, சத்தம் வரல. அப்பறம் நாக்கும் மடியல. உதட்டச் சேத்து மூடுனா. தண்ணி படம் போட்ட அட்டைய வெரலால தொட்டா, ஒரு மடக்குக் குடுத்தாங்க, கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சா.

"ஜீரோ வந்துருச்சுக்கா. சூப்பர்"னு மிஸ் தாளத் திருப்பிக் காட்டுச்சு.

ஜோதி அதுக்கும் சிரிச்சா.

மறுநாள் விடிய ஜெயக்கொடி இட்லிப் பானைக்குத் தண்ணி புடிக்கக் கொழாயத் தொறந்தா. தண்ணி வந்துச்சு. வந்து கொழாய் வாயோட நின்னுச்சு. கண்ணாடிக் கோலி மாதிரி உருண்டையாப் பிதுங்கிக்கிட்டு, விழாம, ஒழுகாம, அவளப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஜெயக்கொடி கொழாயத் தட்டுனா, திட்டுனா, கொழாயோட அப்பன் ஆத்தாளத் திட்டுனா. அது அப்பிடியே நின்னுச்சு. வெரலால தொட்டா வெரலு மட்டும் ஈரமாச்சு, கொடத்துக்கு எறங்கல.

பிளம்பரு வந்து பைப்பக் கழட்டிப் பாத்தான். பைப்பு நெறையத் தண்ணி, கழட்டுன எடத்துலயும் அப்பிடியே நிக்கிது. "அடப்பு ஒண்ணுமில்ல. வர மனசில்லாம இருக்கு"ன்னான். டேங்குல ஏறி வாளிய விட்டுப் பாத்தாய்ங்க. வாளி முங்குச்சு, காலியா மேல வந்துச்சு. பிச்சமணி மூணு தடவ விசிலடிச்சுப் பாத்தாரு. சரி, இது இப்பிடித்தான்னு எறங்கி வந்தாரு.

வளவு அதுக்கும் பழகிக்கிச்சு. அடுத்த தெருக் கொழாயில வசவு வாங்கிக்கிட்டுத் தண்ணி சொமந்தாய்ங்க. போறப்ப வர்றப்ப, காய்ச்சல்ல கெடக்குற மாமியார விசாரிக்கிற மாதிரி, "என்ன, இன்னைக்காச்சும் மனசு எறங்குச்சா?"ன்னு கொழாயக் கேட்டுட்டுப் போனாய்ங்க. யாரோ ஒரு புண்ணியவதி அதுக்குப் பொட்டு வச்சா. யாரோ ஒரு புண்ணியவான் செருப்பால அடிச்சான். ரெண்டு பேரும் ஒரே வீடு.

திங்கக்கிழம மிஸ் அட்டைய அடுக்கிக்கிட்டு இருந்த நேரம் கண்ணி எந்திரிச்சு வெளிய போனா. நடையோட போயி கொழாய்க்கு முன்னால குத்தவச்சு உக்காந்தா. பிதுங்கி நின்ன தண்ணிய அவ பாத்தா, அது அவளப் பாத்துச்சு. யாரு கண்ணையும் பாக்காத புள்ள.

"ழுழு"ன்னா.

கொழாய் கொட்டுச்சு. அஞ்சு நாளா அடக்கி வச்சதெல்லாம் சேத்துக் கொட்டுச்சு. புள்ள ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சு, கவுன நனைச்சு, கெக்கெக்கேன்னு சிரிச்சு, போதும்னு எந்திரிச்சு வந்துச்சு. தண்ணி நின்னுச்சு. பக்கத்துல மீன் அரிஞ்சுக்கிட்டு இருந்த ஜெயக்கொடி மீனையும் கையையும் கழுவியிருந்தா, பாதி மீனு ஓடையோட போயிருந்துச்சு.

வாசல்ல நின்னு பாத்த ஜோதிக்கு மொதல்ல நெஞ்சு குளுந்துச்சு, அடுத்த நிமிசம் எரிஞ்சுச்சு. பெத்தவட்டச் சொல்றத நிறுத்திட்டு கொழாய்ட்டச் சொல்லியிருக்கா. கொழாய் காலண்டரப் பாக்கலல்ல. மிஸ்ஸு தாளப் புரட்டிப் புரட்டிப் பாத்துச்சு. கொழாய்ட்டப் பேசுனா டிக் அடிக்க அதுல கட்டம் இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் ஒம்போது வீடும் கொழாயடியில.

"ளுளு"ன்னா ஜெயக்கொடி.

"லுலு"ன்னான் எட்டாவது வீட்டுக்காரன்.

"நாக்க மடிச்சு மேல கொண்டு போங்க. மேல. அண்ணத்துல இடிக்கப்புடாது"ன்னு பிச்சமணி விசில வாயில வச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு. "எங்க சொல்லுங்க, ளு."

"நீங்களே ளு-ன்னுதான்யா சொல்றீக."

"நான் ளு-ன்னுதான் சொல்றேன். உனக்கு ளு-ன்னு கேக்குது."

பெரிய பெரிய ஆளுக, மீசையும் தொப்பையும் பேரன் பேத்தியும் உள்ள ஆளுக, வாய்க்குள்ள வெரல விட்டு நாக்க மடக்கி ளுளு லுலுன்னு நின்னாய்ங்க, கொழாய் பிதுங்குன கண்ணோட எல்லாரையும் பாத்துச்சு. அது கண்டுக்கல. மறுநாள் பக்கத்துத் தெரு தமிழய்யாவக் கூட்டியாந்தாய்ங்க. அவருக்கு ழ தேனா வரும். சொன்னாரு. கொழாய் மரியாதைக்கு ஒரு சொட்டு விட்டுட்டு நிறுத்திக்கிச்சு.

"அய்யா இப்பத்தான் மோரு குடிச்சுட்டு வந்தாரு"ன்னு யோசன பண்ணிச் சொன்னா ஜெயக்கொடி. "தாகத்தோட சொன்னாத்தான் வரும் போல."

அந்த ஒரு வார்த்த வெளங்காமப் போக. அதுலருந்துதான் ஆரம்பிச்சுச்சு.

புதன்கிழமயில இருந்து ஒம்போது வீடும் கண்ணிய ஒறவு கொண்டாடுச்சு. கண்ணிம்மாங்கிறாய்ங்க, தங்கங்கிறாய்ங்க, கொழாயடியில அவளுக்குன்னு ஒரு குட்டி நாற்காலி, நாற்காலிக்கு மெத்த. காலையில ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் புள்ள அங்க இருந்தாப் போதும், நடுவுல அஞ்சாறு தடவ ழுழுன்னா ஒம்போது வீடும் நெறஞ்சுரும். வர்றவ போறவ எல்லாம் புள்ளைக்குத் திங்கக் குடுத்தாளுக. அப்பளம், மோர் மொளகா, உப்பு மாங்கா, வறுத்த கருவாடு. வீரணன்கூடச் சொன்னான்.

"பரவால்ல ஜோதி. நம்ம புள்ளையையும் நாலு பேரு கொஞ்சுறாய்ங்க."

ஜோதி நம்புனா. நாலு வருசமா ஒருத்தி தூக்காத புள்ளைய மடியில வச்சு அப்பளம் ஊட்டுறாளுகன்னா எந்தத் தாய்தான் நம்ப மாட்டா. அப்பளம் எதுக்குன்னு அவளுக்கு ஒறைக்கல. பச்சத் தண்ணியக் கண்ணுல காட்டாம உப்பா ஊட்டுறாளுகன்னு ஒறைக்கல. தாகம் எடுத்தாத்தான ழுழு வரும்.

ஒரு வாரம் ஓடுச்சு. எட்டு மணிக்கு எல்லாருக்கும் அவசரம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக போகணும், வேலைக்கு ஆளுக போகணும், புள்ள சாவகாசமா ஒரு தடவ சொல்லிட்டு அப்பளத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கு. அப்பத்தான் வளவு தானாவே வேலையக் கத்துக்கிச்சு. ஒருத்தி டம்ளர்ல தண்ணிய மோந்து புள்ளைக்கு எட்டாத ஒசரத்துல புடிச்சா. ஒருத்தி சிப்ஸ் பாக்கெட்டப் பிரிச்சுக் காட்டுனா. பிச்சமணி பழைய டிக்கெட்டுக் கட்டு முதுகுல டிக் அடிச்சாரு. "கண்ணப் பாரு கண்ணி. கைய சும்மா வையி. சொல்லு. ழு... ழு." அவுக சொன்னது ளுளுதான். "சொன்னாத்தான் தருவேன். சொல்லு. சூப்பர். இன்னொரு தடவ."

வெள்ளிக்கிழம காலையில கண்ணி உதட்டச் சேத்து மூடுனா. இந்தத் தடவ வார்த்தைக்கு மட்டும் மூடல, தண்ணிக்கும் சேத்து மூடிட்டா.

மத்தியானம் குடிக்கல. பாலு குடிக்கல, எளநி குடிக்கல. டம்ளரக் கண்டாலே தன் மணிக்கட்டக் கடிச்சுக்கிட்டா. ஸ்பூன்ல கொண்டு போனா ஸ்பூன் பறந்துச்சு. ஜோதி புள்ள மொகத்தத் தூக்கிப் பாத்தா, உதடு பாளம் பாளமா வெடிச்சு, ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்துக் கெடந்துச்சு. அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சுச்சு. அடுப்பக்கூட அமத்தாமப் போயி ஜெயக்கொடி வீட்டுக் கதவ ஓங்கித் தட்டுனா, தொறந்து கெடந்த கதவு அது.

"எம்புள்ளைக்கு என்னத்தக் குடுத்த?"

"என்னத்தக் குடுத்தேன், எல்லாரும் குடுத்தாக, நானும் குடுத்தேன்."

"உப்ப ஊட்டித் தண்ணிய மறைச்சு வச்சு, நாலு வயசுப் புள்ளைய, உனக்கு இட்லிப் பானை நெறையணும்னு..."

ஜெயக்கொடி கத்தல. அதுதான் ஜோதியால தாங்க முடியல. ஒண்ணும் தெரியாத மாதிரி, நெசமாவே ஒண்ணும் தெரியாமத்தான், நிதானமாக் கேட்டா.

"நீ செய்யிறதப் பாத்துத்தான ஜோதி செஞ்சோம். சன்னலு வழியாத் தெனம் பாக்குறோம்ல. செம்ப மேல வச்சுக்கிட்டு, புள்ள கத்தக் கத்த நீ காலண்டரப் பாத்துக்கிட்டு நிப்பியே. அது வைத்தியம்னு சொன்னாக. நாங்களும் அந்த வைத்தியந்தான் செஞ்சோம்."

ஜோதிக்குச் சிரிப்பு வரல. நாலு வருசத்துல மொதத் தடவ வரல. திரும்பி வீட்டுக்கு வந்தா. பரண்ல இருந்த பிஸ்கட்டு, பீரோ மேல இருந்த பொம்மை, செம்பு, டம்ளரு, சாமி படம், ஒவ்வொண்ணாத் தூக்கித் தரையில போட்டா. காலண்டரக் கிழிச்சா, தேதி தேதியாக் கிழிச்சா, டிசம்பரு வரைக்கும் கிழிச்சா. வீரணன் வாசல்லயே நின்னான், உள்ள போகல. யாரு மேல கோவம்னு கேக்குற ஆளு இல்ல அவன். அதுல அவனுக்கும் பங்கு உண்டுன்னு அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழம காலையில டாக்டரம்மாட்டத் தூக்கிட்டு ஓடுனாங்க. "சாயங்காலத்துக்குள்ள தானாக் குடிக்கணும். இல்லேன்னா படுக்க வச்சு ஊசி வழியாத்தான் ஏத்தணும்"னு சொல்லி அனுப்புனாங்க. போன தடவ ரத்தம் எடுக்க நாலு பேரு அமுக்கிப் புடிச்சதுக்கே புள்ள ஒரு மாசம் தூங்கல. இது ராத்திரி முச்சூடும் அமுக்கிப் புடிக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணி கட்டிலுக்கடியில போயிட்டா. நேரம் பன்னெண்டு. மூத்திரம் போயி நேரமாச்சு. அழுகுறா, கண்ணுல தண்ணி இல்ல. வாசல்ல வளவே நிக்கிது, கையில கொடத்தோட, மூஞ்சியில கவலையோட. கவல புள்ளைக்கா கொடத்துக்கான்னு பிரிச்சுப் பாக்க முடியாது.

"மூக்கப் புடிச்சு ஊத்துங்க."

"சீனியக் கலந்து குடு."

"மிஸ்ஸு சொன்னாக் கேக்கும். மிஸ்ஸு, சொல்லுங்க மிஸ்ஸு."

பியூலா மிஸ் மூலையில சம்மணம் போட்டு உக்காந்துருந்துச்சு. பையத் தொறக்கல. மொகம் வெளுத்துக் கெடந்துச்சு. "டம்ளரு காட்டுனாலே நம்ம ஏதோ கேப்போம்னு நெனைக்கிறாக்கா"ன்னு மெதுவாச் சொல்லுச்சு. "பாக்குறோம்ல. அதான். நம்ம பாக்குறதே கேக்குற மாதிரி இருக்கு."

ஜோதி எந்திரிச்சா.

"எல்லாரும் வெளிய போங்க. போயிச் செவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

"எந்தச் செவரு?"ன்னாரு பிச்சமணி.

"எத்தன செவருய்யா வச்சுருக்கீக. எதிர்ச் செவரு. மூஞ்சி செவத்துல, முதுகு வீட்டுப் பக்கம்."

"ஏத்தா, என் வளவுல என்னையே பள்ளிக்கூடத்துப் பய மாதிரி..."

"ஆமா. பத்து நாளா எம்புள்ள மூஞ்சியப் பாத்தீகள்ல, நாக்கப் பாத்தீக, தொண்டையப் பாத்தீக. கண்ணப் பாரு கண்ணப் பாருன்னு நானும் அவ உசுர எடுத்தேன், நீங்களும் எடுத்தீக. இனி அவள யாரும் பாக்கக் கூடாது. அவளா வந்தா வரட்டும். விசில எங்கிட்டக் குடுங்க."

குடுத்துட்டாரு. முப்பது வருசத்துல கலெக்டரு கேட்டாலும் குடுத்துருக்க மாட்டாரு, குடுத்துட்டாரு.

"எம்புட்டு நேரம்டி நிக்கணும்?"ன்னா ஜெயக்கொடி.

"அவ குடிக்கிற வரைக்கும்."

"கொழாயடியில கொடத்த வச்சுக்கலாம்ல?"

ஜோதி பாத்த பார்வையில ஜெயக்கொடி மொத ஆளாப் போயித் திரும்பி நின்னா. பின்னாலயே எல்லாரும் போனாய்ங்க. மீசக்காரன், தொப்பக்காரன், பொட்டு வச்சவ, செருப்பால அடிச்சவன், ஒண்ணா நின்னாய்ங்க.

"நானுமாக்கா?"ன்னுச்சு மிஸ்.

"நீங்களுந்தான் மிஸ். நானும்."

வீரணன் கதவ அகலத் தொறந்து வச்சுட்டு வந்து ஜோதிக்குப் பக்கத்துல நின்னான். ஒம்போது வீட்டு ஆளும் நடை நீளத்துக்கும் வரிசையாச் செவத்தப் பாத்து நின்னாய்ங்க, உச்சி வெயிலு பொடணியில எறங்குச்சு, செவத்துல பிச்சமணி தன் கையால எழுதிப் போட்ட 'தண்ணீரை வீணாக்காதீர்' பிச்சமணி மூக்குக்கு நேரா இருந்துச்சு, ஒரு மூட்டப்பூச்சியோ எறும்போ அந்த எழுத்து மேல ஊந்து போறத எல்லாரும் பாத்தாய்ங்க, வேற பாக்க ஒண்ணுமில்ல. கால் மணி போச்சு. அர மணி போச்சு. யாருக்கோ இருமலு வந்து முழுங்குனாய்ங்க. யாரு வீட்டுலயோ கொழம்பு தீஞ்ச வாட வந்துச்சு, அந்த வீட்டுக்காரி அசையல. ஜோதிக்குக் கழுத்து நரம்பு ஒவ்வொண்ணும் வீட்டுப் பக்கம் இழுத்துச்சு. மயங்கிக் கெடந்தா? மூச்சு நின்னுருந்தா? நெத்தியச் செவத்துல அமுத்தி வச்சுக்கிட்டு நின்னா, செவரு சுட்டுச்சு, சுடட்டும்னு நின்னா.

அப்பறம் காலடி கேட்டுச்சு. சின்னக் காலு. வாசப்படியில ஒண்ணு, நடையில ஒண்ணு, நின்னுச்சு. அத்தன முதுகும் மூச்ச நிறுத்துச்சு. காலு திரும்ப நடந்துச்சு, வரிச நீளத்துக்கும் நடந்துச்சு, கொழாயடி வரைக்கும் போச்சு.

என்ன சொன்னா, சொன்னாளா சொல்லலையான்னு ஒருத்தருக்கும் காதுல விழல. தண்ணி விழுகுற சத்தம் விழுந்துச்சு.

மொடக்கு மொடக்குன்னு குடிக்கிற சத்தம். இருமுற சத்தம். மறுபடி குடிக்கிற சத்தம். அப்பறம் கல்லு மேல தண்ணி சொத்துச் சொத்துன்னு அடிக்கிற சத்தம், கையால தட்டித் தட்டி வெளாடுற சத்தம். பைப்புத் தண்ணி ஓடையில நெறஞ்சு, நடையில ஏறி, வரிசையா நின்ன காலு ஒவ்வொண்ணையும் நனைச்சுக்கிட்டு வாசல் பக்கமாப் போச்சு. கொடம் கையில இருக்கு. திரும்பி நாலு எட்டு வச்சா நெறைஞ்சுரும். ஒருத்தரும் திரும்பல. பிச்சமணி மட்டும் செவத்துல எழுதுனதப் பாத்துப் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாரு.

ஜோதி அழுகல. அழுதா சத்தம் கேட்டுப் புள்ள ஓடிரும்.

"ஏ ஜோதி"ன்னு செவத்துக்குள்ள பேசுற மாதிரிப் பேசுனா ஜெயக்கொடி. "சொன்னாளாடி? ளுளு சொன்னாளா?"

"தெரியல."

"லேசாத் திரும்பிப் பாக்கவா? கொடத்த மட்டும் வச்சுட்டு..."

"திரும்புக்கா. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரு. களுத்த அறுத்துருவேன்"னா ஜோதி, செவத்தப் பாத்துக்கிட்டே, புள்ளைக்குக் கேக்காத சத்தத்துல.

ஜெயக்கொடி காலிக் கொடத்த நெஞ்சோட கட்டிக்கிட்டு, செவத்துல இன்னும் ஒரு வெரக்கட நெருங்கி நின்னா.